ஜெமீல் வாசித்த இக்னேசியஸ்

இக்னேசியஸ் செத்துவிட்டான் என்பதை முதலில் ஊரறியச் சொன்னவர் பாக்கியரத்தினம்தான். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தம்பிராசாவின் ரேடியோ திருத்தும் கடையில், கழற்றிப் போட்ட ஸ்பீக்கர்களுக்கு நடுவே இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு, "அவனுக்கு ஒரு அஞ்சலிக் கச்சேரி வைக்கவேணும்" என்றார். அதுவரைக்கும் இக்னேசியஸைக் காணவில்லை என்றுதான் எல்லோரும் கதைத்து வந்தார்கள். காணாமல் போனவனுக்கு அஞ்சலி வைப்பது எப்படி?

சூறாவளி அடித்து ஒரு வருடம் கழிந்திருந்தது. எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில், ஈச்சிலம்பற்றில் ஒரு சிநேகிதனின் கலியாண வீட்டில் கிற்றார் வாசிப்பதற்காக இக்னேசியஸ் மற்றவர்களுக்கு ஒருநாள் முந்தியே போயிருந்தான். வாத்தியக் குழுவிலுள்ள மற்றவர்கள் மறுநாள் குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகில் மூதூருக்குப் போய் அங்கிருந்து போவதாக ஏற்பாடு. மறுநாள் லோஞ்ச் ஓடவில்லை. பொழுதுபடக் காற்று வந்தது. கலியாண வீட்டின் கூரை பறந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர்களில் இக்னேசியஸும் ஒருவன் என்று கண்டவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கிழவர் ஒருவர் பின்னால் நிற்கிறார் என்று திரும்பிப் போனானாம். கிழவர் தப்பிவிட்டார். இக்னேசியஸை அதன் பிறகு ஒருவரும் காணவில்லை. வெருகல் ஆறு எது, கடல் எது என்று தெரியாமல் கிடந்த தண்ணீரில் நாள்கணக்காகத் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

துறைமுகத்து வேலைத்தளத்தில் அவன் வெல்டர். ஆனால் திருகோணமலையில் அவனை வெல்டராக யாருக்கும் தெரியாது. சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகி றொக் இசைக்குப் பைத்தியம் பிடித்து, கப்பல்காரர்களிடம் இசைத்தட்டுகளைக் கெஞ்சி வாங்கிய பொடியள் எல்லாருக்கும் அவன் கடவுள். அவனுடைய புளூ ஜெற்றி குழு வாசிக்கிறது என்றால் குச்சவெளியிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் கடற்கரையில் படுத்துவிட்டுப் போவார்கள். அவன் கட்டிய மெட்டுகளில் பெரியது 'கொட்டியாரம்'. அதில் பாட்டு இல்லை, வெறும் கிற்றார்தான். மெல்லத் தொடங்கி, கொட்டியாரக் குடாவில் சோழகக் காற்று எழும்புகிறமாதிரி எழும்பி, கேட்கிறவனின் நெஞ்சைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் ஓயும்.

அந்த மேடைகளில் இக்னேசியஸின் இடதுபக்கத்தில் நின்று றிதம் வாசித்தவன் ஜெமீல். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் பைப் பொருத்தும் வேலை. வீடு கிண்ணியாவில். வேலை முடிய திருகோணமலை ரவுணுக்கு வந்து வாசித்துப் பழகிவிட்டு, பஸ்ஸில் போய், ஆறு கடக்கிற மிதவைப் பாதையில் ஏறி வீடு சேருவான். அவன் உம்மாவுக்கு இந்த வாத்தியக் கூத்து ஒன்றும் பிடிக்காது. வாப்பா கதைப்பதையே விட்டுவிட்டார். ஆனாலும் இக்னேசியஸுக்குப் பக்கத்தில் நின்றால் ஜெமீலுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. தான் தனியாக வாசிக்க வேண்டும் என்று அவன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

கடையில் அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் கிழமைக்கணக்காக இழுபட்டது. அங்கே வந்துபோன எல்லோரும் அதில் ஒரு வாய் போட்டார்கள்.

பாக்கியரத்தினம் வங்கியில் வேலை செய்பவர். ஒரு கம்பியையும் மீட்டத் தெரியாது. ஆனால் இக்னேசியஸ் வாசித்த எந்த மேடையையும் தவறவிட்டவரல்ல.

"கச்சேரி வைக்கவேணும். ஆனா கொட்டியாரத்தை ஒருத்தரும் தொடக்கூடாது. அது அவன்ரை. வேற ஆக்கள் வாசிச்சா அது வெறும் நடிப்பு."

டிரம் அடிக்கிற தம்பிராசா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "கொட்டியாரம் இல்லாம அவனுக்கு என்ன கச்சேரி? வாசிக்காம விட்டா ரெண்டு மூண்டு வருசத்தில அப்பிடியொரு மெட்டு இருந்ததெண்டே தெரியாமப் போகும்."

"அப்ப ஆர் வாசிக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் ஜெமீலைப் பார்த்தார்கள். ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாசிக்கிறதெண்டா ஒரு மயிரிழை பிசகக்கூடாது," என்றார் பாக்கியரத்தினம். "அவன் எங்கை இழுத்தானோ அங்கை இழுக்கவேணும். எங்கை விட்டானோ அங்கை விடவேணும்."

"பாக்கியண்ணை, அவனே ஒருக்காப் போல ஒருக்கா வாசிச்சதில்லை. பின்னாலை இருந்து அடிச்சவன் நான், எனக்குத் தெரியாதே? ஒவ்வொரு நாளும் வேற வழியால போவான். நான் துரத்திப் பிடிக்கிறது."

"அது அவனுக்கு ஏலும். அவன்ரை பொருள், அவன் என்னவும் செய்வான். மற்றவன் மாத்தினா அது களவு."

ஜெமீலுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதுதான் அவனுக்கு வருத்தம். கடைசியில் அவன் சொன்னான்: "முதல்ல மரியமலர் அக்காவைக் கேப்பம். அவ வேண்டாமெண்டா விடுவம்."

மரியமலர் இக்னேசியஸின் தமக்கை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கியவள். தபால் கந்தோரில் ரெலிபோன் இணைப்புக் கொடுக்கும் வேலை. சூறாவளிக்குப் பிறகு, லைன் ஓய்ந்திருக்கிற நேரங்களில் மட்டக்களப்பு, வாழைச்சேனை, பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளுக்கு ரெலிபோன் எடுத்து, நினைவு தப்பிய நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பாள். நெற்றியில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு, இடதுகை விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கும் என்று அடையாளம் சொல்லுவாள். அந்த ஊர்களில் மறுமுனையில் இருக்கும் பெண்களுக்கு இந்த அடையாளங்கள் மனப்பாடம். அவள் குரலைக் கேட்டவுடனேயே, "இல்லை அக்கா, இண்டைக்கும் ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

பாலையூற்றில் அவள் வீட்டு விறாந்தையில் கதிரைகளின் நுனியில் மூன்று பேரும் இருந்தார்கள். பாக்கியரத்தினம் சுற்றி வளைத்துக் கதைத்தார். மரியமலர் குறுக்கிட்டாள்.

"அஞ்சலி எண்டு போடுவீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, 'இக்னேசியஸ் இசை மாலை' எண்டு மட்டும்..."

"படத்துக்கு மாலை போடுவீங்களோ?"

"இல்லை."

மரியமலர் ஜெமீலைப் பார்த்து, "அவன்ரை கிற்றார் உள்ளுக்கை கிடக்கு. பெரிய கிற்றாரை அடுத்தநாள் நீங்கள் கொண்டருவீங்கள் எண்டு விட்டிட்டுப் போனவன். நீ அதில வாசி. வேற ஆருக்கும் குடுத்துப்போடாதை" என்றாள்.

இதைச் செய்தால் இக்னேசியஸை இன்னும் கொஞ்சக்காலம் பிடித்து வைத்திருக்கலாம் என்று ஜெமீல் அந்த நேரம் நம்பினான்.

கொட்டியாரத்தின் ஒலிப்பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படைக் குடும்பம் ஒன்று ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பழைய ஸ்பூல் ரெக்கோடர் தம்பிராசாவிடம் இருந்தது. ஓர் ஈஸ்டர் பின்னேரம் பங்கு மண்டபத்தில் அதை வைத்துப் பதிந்திருந்தார். இன்னொரு மெஷின் கிடைத்தால் பிரதி எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கிடைக்கவில்லை.

ஜெமீல் ஒவ்வொரு பின்னேரமும் கடையின் பின்னறையில் அந்த நாடாவோடு இருந்தான். கொஞ்சம் ஓடவிடுவான். நிறுத்துவான். விரலால் நாடா சுற்றியிருக்கும் சில்லைப் பின்னுக்குச் சுற்றி, திரும்பவும் அதே இடத்தைக் கேட்பான். கிற்றாரில் தேடுவான். வராது. திரும்பவும் சுற்றுவான். பக்கத்தில் நின்று இத்தனை தரம் கேட்டிருந்தும், இக்னேசியஸின் விரல்கள் என்ன செய்தன என்பது அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரு சுரத்துக்குப் போகுமுன் அதற்குக் கீழே உள்ளதைத் தொட்டும் தொடாமலும் விட்டுப் போயிருக்கிறான். நான் பக்கத்தில் நின்றேனே, இது கேட்கவில்லையே என்று ஜெமீல் தன்னையே திட்டினான்.

நாடா பழையது. முதலில் ஒரு இடத்தில் அறுந்தது; தம்பிராசா ஒட்டிக் கொடுத்தார். பிறகு இன்னொரு இடம். ஜெமீல் முக்கால்வாசியைப் பிடித்துவிட்டான். கடைசிப் பகுதிக்கு வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த நாடாவை மெஷின் உள்ளே இழுத்துத் தின்னத் தொடங்கியது. அவன் பாய்ந்து நிறுத்துவதற்குள் உள்ளே கசங்கிச் சிக்குண்டுவிட்டது. தம்பிராசா திருப்புளியால் மெல்ல மெல்ல எடுத்து நீவி ஓடவிட்டுப் பார்த்தார். மெட்டின் முடிவு இருந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் வந்தது. எல்லாவற்றையும் ஒட்டி மறுபடி போட்டபோது மற்றப் பகுதிகளும் பூச்சு உதிர்ந்து, தண்ணீருக்கடியில் வாசிப்பதுபோல மங்கிப்போயிருந்தன.

பாக்கியரத்தினம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே இருந்துவிட்டார். "இருந்த ஒண்டையும் தேச்சு அழிச்சுப்போட்டியே ஜெமீல்!"

அது உண்மை என்று ஜெமீலுக்குத் தெரியும்.

"சரி, முடிவு எப்பிடி இருந்தது?" என்று தம்பிராசா கேட்டார். "ஆருக்கும் ஞாபகமிருக்கோ?"

பாக்கியரத்தினம் அது படிப்படியாக இறங்கி அடங்கும் என்றார். தம்பிராசா இல்லை, ஏறிப் போய் உச்சியில் சட்டென்று நிற்கும் என்றார். இருவரும் அதற்கும் சண்டை பிடித்தார்கள். அது நாளுக்கொரு விதமாக முடிந்திருக்கும் என்று ஜெமீலுக்குத் தோன்றியது. கடைசியில் அவனே ஒரு முடிவைக் கட்டினான். ஏறிப்போய், உச்சியில் ஒரே சுரத்தை நடுங்க நடுங்க இழுத்து, பிறகு ஒவ்வொரு கம்பியாகக் கைவிட்டு இறங்கும் முடிவு. வாசித்துக் காட்டியபோது பாக்கியரத்தினம் முகத்தைச் சுளித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது இக்னேசியஸ் இல்லை." வேறு வழி இல்லாதபடியால் விட்டுவிட்டார்கள்.

கச்சேரியன்று பங்கு மண்டபத்தில் கால்வைக்க இடமில்லை. யன்னல்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். கடற்படைப் பொடியளும் வந்திருந்தார்கள். மரியமலர் முன்வரிசையில் வெள்ளைச் சேலையில்லாமல், வேண்டுமென்றே ஒரு பச்சைச் சேலை உடுத்துக்கொண்டு வந்து இருந்தாள்.

வரவேற்புரை சொன்ன பாக்கியரத்தினம் உணர்ச்சிவசப்பட்டு, "எங்களை விட்டுப் பிரிஞ்ச" என்று தொடங்கி, மரியமலரைக் கண்டு, சொல்ல வந்ததை விழுங்கி, இருமிச் சமாளித்தார். மரியமலர் அசையவில்லை.

மற்றப் பாட்டுகள் முடிந்து கொட்டியாரம் வந்தது. ஜெமீல் வழக்கமாக நிற்கும் இடதுபக்கத்தை விட்டு நடுவே வந்து நின்றான். தொடங்கினான். மண்டபம் அடங்கியது. பிறகு நடந்தது அவனுக்கே சரியாக ஞாபகமில்லை. விரல்கள் தாங்களாகவே போயின. இக்னேசியஸ் தொட்டும் தொடாமலும் விட்ட இடங்களில் அவனும் அப்படியே விட்டான். பின்னால் தம்பிராசா அழுதுகொண்டே அடித்தார். மெட்டு எழும்பி வந்தபோது கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ, "இக்னேசியஸ்!" என்று கத்தினார்கள். பிறகு இன்னொருவர். பிறகு மண்டபம் முழுக்க அந்தப் பெயர்தான். ஜெமீல் கண்ணை மூடிக்கொண்டான். முடிவை வாசித்துக் கைவிட்டு இறங்கியபோது கூரை பிய்ந்து போகுமாப்போல கைதட்டினார்கள்.

கண்ணைத் திறந்தபோது முன்வரிசையில் மரியமலரின் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

ஜெமீல் கிற்றாரோடு வெளியே ஓடினான். மரியமலர் மண்டபத்தின் பக்கச் சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை.

"அக்கா, பாக்கியண்ணை சொன்னதை மனசில எடுக்காதேங்கோ. அவர் வாய்தவறி..."

"அதில்லை ஜெமீல்."

"நான் பிழையா வாசிச்சிட்டனா?"

"இல்லை. நல்லா வாசிச்சாய். அப்பிடியே வாசிச்சாய்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஒவ்வொரு நாளும் படுக்கேக்கை அவன் வாசிக்கிறது எனக்குக் கேக்கும். உள்ளுக்கை, பக்கத்து அறையில இருந்து வாசிக்கிற மாதிரி. பிழைவிட்டு, தூசணம் பேசி, திரும்பத் தொடங்கி வாசிப்பான். அதைக் கேட்டுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தனான். அவன் எங்கையோ இருக்கிறான் எண்டு நினைச்சனான்." அவள் ஜெமீலின் முகத்தைப் பார்த்தாள். "இப்ப நினைச்சுப் பாக்கிறன். நீதான் வாசிக்கிறாய். அவன்ரை சத்தம் வரேல்லை."

ஜெமீல் கிற்றாரைத் தோளிலிருந்து கழற்றினான்.

"நாளைக்கு வரும் அக்கா," என்றான்.

"ஓம்," என்றாள் அவள், அவனை ஆற்றுவதற்காக.

அது திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரிகளுக்குக் கோல் எடுப்பதை மரியமலர் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். வாழைச்சேனைப் பெண் ஒருநாள் தானாகவே எடுத்து, "ஏன் அக்கா, ஆள் கிடைச்சிட்டாரோ?" என்று ஆவலாய்க் கேட்டாளாம். அந்த மாதத்திலேயே கோவிலில் இறந்தோர் திருப்பலி ஒப்புக்கொடுத்தாள். வெறும் பெட்டிகூட இல்லாத, உடலில்லாத அந்தப் பூசையில் ஜெமீல் கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னால் நின்றான். அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தினால் அல்ல, அவனைக் கண்டால் அவளுக்கு மேடையில் அவன் வாசித்த சத்தம்தான் கேட்கும். பிறகு மன்னாருக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டாள். போகும்போது, ஜெமீல் திருப்பிக் கொண்டுபோன கிற்றாரை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள்.

ஜெமீல் அந்தக் கிற்றாரை எடுத்து வாசிக்கப் பார்த்தான். தனக்குள்ளே இக்னேசியஸின் வாசிப்பைத் தேடிப் பார்த்தான். இக்னேசியஸ் ஒரு பக்கம் சரிந்து நிற்பதும், வியர்வையைத் தோளில் துடைப்பதும் கண்ணுக்குத் தெரிந்தன. வாசிப்பு மட்டும் வரவில்லை. மரியமலருக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்துவிட்டது என்று அவன் கண்டுகொண்டான். ஆளின் பக்கத்தில் மூன்று வருடம் நின்றவனுக்கு, அந்த ஆளின் இடத்தில் தன்னுடைய விரல்கள்தான் கேட்டன. வேலைக்குப் போவான், வருவான். பாதையில் ஏறி அக்கரை சேரும்வரை ஒருவரோடும் கதைக்கமாட்டான். உம்மா, பிள்ளைக்கு ஏதோ பேய்க்குணம் என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தாள்.

அடுத்த வருட இசை மாலையில் வாசிக்க ஏலாது என்றுவிட்டான். ஆனால் வாசிப்பதற்கு ஆள் இருந்தது. உப்புவெளியிலிருந்து யேசுரட்ணம் என்ற பொடியன். முதல் கச்சேரியை யாரோ கசற்றில் பதிந்திருந்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன். இக்னேசியஸை அவன் நேரில் ஒருநாளும் கேட்டதில்லை. ஜெமீல் மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து கேட்டான். கெட்டிக்காரப் பொடியன். ஜெமீல் முதல் கச்சேரியில் பதற்றத்தில் விட்ட ஒரு தடுமாற்றத்தையும்கூட அப்படியே, ஆசையாய், மெருகேற்றி வாசித்தான். முடிவுக்கு வந்து, உச்சியில் இழுத்து, கம்பி கம்பியாகக் கைவிட்டு இறங்கினான்.

கச்சேரி முடிந்து தம்பிராசாவின் கடையில் எல்லோரும் கூடினார்கள். பாக்கியரத்தினத்தின் முகம் பளபளத்தது.

"முடிவைக் கேட்டனீங்களோ? அதுதான் இக்னேசியஸ். அந்த இறக்கத்தை உலகத்தில வேற ஒருத்தன் கட்டேலாது."

ஜெமீல் சிரிக்கப் பார்த்தான். "பாக்கியண்ணை, அது நான் கட்டினது. அந்த ஸ்பூல் ரேப் பழுதாப் போனாப் பிறகு. நீங்கள்தானே இது இக்னேசியஸ் இல்லையெண்டு சொன்னீங்கள்."

"நானோ? எப்ப?"

"இதே கடையில. இந்த வாங்கில இருந்து."

பாக்கியரத்தினம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. அதை ஜெமீல் அவர் கண்ணிலேயே கண்டான். "ஜெமீல், அவன் உனக்கு எவ்வளவு செய்தவன். செத்துப்போனவன்ரை பொருளுக்கு உரிமை கொண்டாடாதை. அது நல்லாயில்லை."

"தம்பிராசா அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

தம்பிராசா சோல்டரிங் இரும்பைத் துடைத்துக்கொண்டு நின்றார். சொல்ல விரும்பினார் என்பது தெரிந்தது. "ரேப் பழுதானது ஞாபகம்," என்றார் மெதுவாக. "நீ கட்டினதும் ஞாபகம்தான். ஆனா இதைத்தானோ, வேறையோ எண்டு... எனக்கு இப்ப நிச்சயமில்லையடா. இக்னேசியஸ் முடிச்சதை நினைச்சுப் பாத்தா இதுதான் வருகுது."

யேசுரட்ணம் எழும்பி நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. "அப்ப நான் வாசிச்சது ஆருடையது, அண்ணை?" என்று ஜெமீலைக் கேட்டான்.

பொடியனின் கண்களில் நீர் முட்டி நின்றது. ஜெமீல் அவனைப் பார்த்தான். ஒருகாலம் தானும் இப்படித்தான் அந்த மேடையின் ஓரத்தில் நின்றதை நினைத்தான்.

"இக்னேசியஸின்ரைதான்," என்றான். "நல்லா வாசிச்சாய்."

எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. யாரோ பிளேன்ரீக்குச் சொன்னார்கள். அடுத்த வருடத்துக்கு வெளியே கடற்கரையில் பெரிய மேடை போடவேண்டும் என்று பாக்கியரத்தினம் கதையைத் தொடங்கினார். ஜெமீல் சேர்ட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினான். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிண்ணியாவுக்குப் போகிற பஸ் வரும் நேரம்தான்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். அவன் தட்டுக்கு முன்னால் இருந்தான். பிசைந்தான். ஒரு கவளமும் இறங்கவில்லை.

"என்னடா மகன், ஆரும் மௌத்தாகிட்டாங்களா?" என்று உம்மா, சாவுச் செய்தியோ என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"ஓம் உம்மா," என்றான் ஜெமீல்.